சொல்லிவிட்டு வரும் சத்தம்

(நூற்றாண்டு விழாவை ஒட்டி எமது சங்கத்தின் கனடாக் கிளை நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கல்லூரியின் பழம்பெருமையைப் பேசுவதுதான் வழக்கம். அதைச் சிறப்பாகப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். எங்களுக்குத் தந்த நேரத்தில், கடந்த கோடையில் எமது கிளையையே இரண்டாகப் பிரிக்கப் பார்த்த ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறோம். அது சிறிய விமானங்களின் சத்தம் பற்றியது.

எங்களில் பலர் ரொறன்ரோவை அடுத்த நகரங்களில் வசிக்கிறோம். எங்கள் பக்கத்துச் சிறு விமான நிலையம் ஒன்றில் விமானிப் பயிற்சி நடக்கிறது. கோடை வந்தால் காலை தொடங்கி இருட்டும்வரை, ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை, அதே விமானம் அதே வழியால் வீட்டுக் கூரைக்கு மேலே போகும். பொறுக்கமுடியாத அயலவர்கள், மாலையிலும் வார இறுதியிலும் பயிற்சியை முற்றாக நிறுத்தவேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள். அது எமது செயற்குழுவுக்கும் கையொப்பத்துக்காக வந்தது.

முதலில் கையொப்பம் வைத்தவர் எங்களில் மூத்த அக்கா ஒருவர். அவர் காரணம் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை. 1985இல் இலங்கை விமானப்படை வாங்கிய இத்தாலிய விமானத்தை நாங்கள் ‘சியாமாசெட்டி’ என்று அழைத்தோம். அது ஆட்களை ஓடப் பழக்குவதற்கென்று செய்த சின்னப் பயிற்சி விமானம். அதன் செட்டைகளுக்குக் கீழேதான் குண்டுகளைப் பூட்டினார்கள். பெரிய ஜெற் விமானங்கள் வந்தது பிறகு. அதனால், உந்துவிசிறி பூட்டிய சின்ன விமானம் வட்டமிடுகிற சத்தம்தான் எங்கள் தலைமுறையின் நெஞ்சில் பதிந்த சத்தம். வட்டமிட்டால் அடுத்தது பதியும். பதிந்தால் குண்டு விழும். ரீச்சர் கையைக் காட்ட, கொப்பியைப் போட்டுவிட்டு ‘ட’ வடிவப் பதுங்குகுழிக்குள் குதித்த வகுப்புகளை இங்கிருக்கும் பலர் மறந்திருக்கமாட்டீர்கள்.

மனு அடுத்தவரிடம் போனது. அவர் வாசித்துவிட்டு, கையொப்பம் வைக்காமல் மேசையில் வைத்தார். “அந்தப் பிளேனை ஓடிப் பழகிறது என்ரை மகள், அக்கா” என்றார்.

அதன்பிறகு கூட்டத்தில் வேறொன்றும் பேச முடியவில்லை. இரண்டு பேரில் யாரைத்தான் பிழை சொல்வது?

எங்கள் கல்லூரி விவாத அணிக்குப் பயிற்சி தந்த ஆசிரியர், “எதிரணி என்ன சொல்லும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று சொல்வார். அதை நினைத்துக்கொண்டு, கையொப்பத்தை ஒரு மாதம் தள்ளிவைத்தோம். ஏழு பேர் அந்த விமான நிலையத்துக்கே போனோம். மூத்த அக்காவும் வந்தார்.

ஏன் அதே வட்டம் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. விமானம் ஓடுவதில் கடினமானது தரையிறக்குவது. அதைப் புத்தகத்தில் படிக்கமுடியாது; திரும்பத் திரும்பச் செய்துதான் கைக்கு வரவேண்டும். காற்றுக்கு எதிரே எழும்பி, ஏறக்குறைய 1000 அடி உயரத்தில் ஓடுபாதைக்குச் சமாந்தரமாகப் பறந்து, திரும்பி இறங்கி, சில்லு நிலத்தில் பட்டதும் மறுபடி எழும்ப வேண்டும். எழும்பும்போது இயந்திரம் முழு வலுவில் ஓடும். எங்கள் காதில் விழுவது பெரும்பாலும் அந்தச் சத்தமும் உந்துவிசிறியின் சத்தமுமே. காலையிலும் மாலையிலும் காற்று அடங்கியிருப்பதால் புதிதாகப் பழகுபவருக்கு அந்த நேரமே நல்லது. படிக்கிற பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் வார இறுதியில்தான் வசதி. நாங்கள் வீட்டு முற்றத்தில் ஆறுதலாக இருக்க நினைக்கிற நேரமும் அதுவே.

கனடாவில் 14 வயதில் மாணவ விமானி அனுமதி பெறலாம். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும், குறைந்தது 45 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். அதைத் தொழிலாகச் செய்வதற்கான உரிமத்துக்கு 200 மணித்தியாலம். ஆகவே, எங்களை ஊருக்குக் கொண்டுபோகும் பெரிய விமானத்தின் விமானியும் ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் கூரைக்கு மேலே வட்டமிட்டவர்தான். விமானிகளில் பெண்களின் தொகை உலகெங்கும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு என்பதையும் பெண்கள் கல்லூரியில் படித்த நாங்கள் மறக்கமுடியாது.

இதனால் முறைப்பாடு செய்பவர்கள் வீண் சண்டைக்காரர் ஆகிவிடமாட்டார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில், இராணுவ விமானங்கள் தாழப் பறந்ததில் வெருண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. ஏறக்குறைய 150 கோழிகளை இழந்த குடும்பம் வழக்குப் போட்டது. 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஆகாயம் பொதுவழிதான், ஆனாலும் அவ்வளவு தாழப் பறந்து ஒருவர் தன் நிலத்தை அனுபவிக்கவிடாமற் செய்தால் அதற்கு நட்டஈடு உண்டு என்று தீர்ப்பளித்தது.

சத்தத்தைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. கனடாவில் கார்ப் பெற்றோலில் ஈயம் கலப்பது 1990இல் நின்றுவிட்டது. பெரும்பாலான சிறு விமானங்களின் பெற்றோலில் ஈயம் இன்னும் இருக்கிறது. கலிபோர்னியாவின் ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தை அண்டி வாழும் பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதை 2021இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த மாவட்ட நிர்வாகம் 2022 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து ஈயம் கலந்த பெற்றோல் விற்பதை அங்கே நிறுத்தியது. எங்கள் அயலவரின் மனுவில் இதைப்பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. அயலவர்கள் நகரசபையைத்தான் குறை சொன்னார்கள். வினிபெக்கை அடுத்த வெஸ்ற் சென்ற் போல் உள்ளூராட்சிச் சபை, தன் எல்லைக்குள் ஒருவர் விமானத் தளம் அமைப்பதைத் தடுக்கப் பார்த்தது. 1952இல் கனடா உச்ச நீதிமன்றம், வான்பயணம் மத்திய அரசின் பொறுப்பு, உள்ளூர்ச் சபை அதில் கைவைக்கமுடியாது என்று சொல்லிவிட்டது. ஆகவே சத்தத்தைக் குறைக்கும் விதிகள் வேண்டுமென்றால், விமான நிலையத்தார் குடியிருப்பாளரோடும் பயிற்சிப் பள்ளிகளோடும் கலந்துபேசி, மத்திய போக்குவரத்துத் திணைக்களத்தின் சம்மதத்தையும் பெறவேண்டும். கத்துவதைவிட மேசையில் ஓர் இடம் கேட்பதுதான் பலன் தரும் என்று விளங்கிக்கொண்டோம்.

மூடிவிட்டால் எல்லாம் தீருமா? எங்கள் ஆட்கள் நிறைந்து வாழும் மார்க்கம் நகரில் பட்டன்வில் விமான நிலையம் இருந்தது. 1953இல் புல்தரையாகத் தொடங்கி, எத்தனையோ விமானிகளைப் பழக்கிய இடம் அது. 2023 நவம்பர் இறுதியில் மூடப்பட்டது. அங்கே பழகவேண்டியவர்கள் வேறு நிலையங்களைத் தேடிப் போனார்கள். ஓரிடத்தின் சத்தம் இன்னோரிடத்துக்குப் போகிறது. அங்கும் யாரோ வசிக்கிறார்கள்.

ஒரு மாதம் கழிய, மனுவில் கையொப்பம் வைக்காமல் நாங்களே ஒரு கடிதம் எழுதினோம். வட்டப் பயிற்சி நடக்கும் நேரங்களை ஒரு கிழமைக்கு முன்னரே அறிவிக்கவேண்டும்; ஞாயிறு காலையில் வட்டப் பயிற்சி வேண்டாம்; காற்று இடந்தரும் நாட்களில் ஓடுபாதையின் மறுபக்கத்தாலும் வட்டமிட்டு, ஒரே தெருவுக்கு மேலே சுமையைப் போடாதிருக்கவேண்டும்; ஈயமில்லாத பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் அதற்கு மாறவேண்டும். முதலிரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதை ஆராய்வதாகச் சொன்னார்கள். நான்காவதற்கு இன்னும் பதில் இல்லை. மாலை நேரப் பிரச்சினையும் தீரவில்லை. அயலவர் சிலர் நாங்கள் விலைபோய்விட்டதாகவும் கதைத்தார்கள். அந்தக் கதையைப் பொறுத்துக்கொண்டோம்.

அன்று விமானத்தைக் கிட்ட நின்று பார்த்த மூத்த அக்கா, அதன் செட்டைக்குக் கீழே குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளையிடம், “நீர் எந்த நாளில் ஓடுவீர்?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் அந்தப் பிள்ளை தன் பயிற்சி நேரங்களை அவருடைய தொலைபேசிக்கு அனுப்புகிறாள். அந்த நேரத்தில் அக்கா கடைக்குப் போய்விடுவார். அவருக்குச் சத்தம் பழகிவிட்டது என்று நாங்கள் சொல்லமாட்டோம்; பழகவில்லை. ஆனால் அவர் சொன்னார்: “சொல்லிப்போட்டு வாற சத்தம் பாதிச் சத்தம், பிள்ளையள்.”

எங்களைக் கலைத்த சத்தம் ஒருநாளும் சொல்லிவிட்டு வந்ததில்லை. அதனால்தான் எமது கடிதத்தில் நேர அறிவிப்பை முதலாவதாக வைத்தோம். பழகுகிறவர்களின் உரிமையும் நித்திரை கொள்ளவேண்டியவர்களின் உரிமையும் ஒன்றையொன்று வெட்டுகிறபோது, முன்கூட்டிச் சொல்வது மிகச் சிறிய மரியாதை. அதற்குப் பணமும் அவ்வளவு செலவாகாது.

2019 ஒக்டோபரில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அதைச் சூழவுள்ள காணிகளை இழந்தவர்களின் கேள்வி இன்னும் முடியவில்லை. அதையும் நாம் மறக்கக்கூடாது. ஆனாலும் இன்று விமானச் சத்தம் கேட்டால் ஊரில் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். அப்படிப் பார்க்கும் பிள்ளைகளில் யாருக்காவது தானும் ஓடிப் பழகவேண்டும் என்று ஆசை வந்தால், அவளுக்கு வழிகாட்ட உலகெங்கும் பரந்திருக்கும் நாம் முன்வரவேண்டும். அவள் பறக்கும் வழியின் கீழே ஒரு மூத்த அக்கா இருக்கக்கூடும் என்பதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும்.