அங்கன்வாடி காலனிக்குள் வரட்டும்



கல்வி என்றதும் நாம் கல்லூரி இடங்கள், உதவித்தொகை, இடஒதுக்கீடு பற்றியே அதிகம் பேசுகிறோம். முனைவர் பட்ட ஆய்வாளரான எனக்கும் அவை முக்கியம்தான். ஆனால் தலித் குழந்தை ஒன்று நாள்தோறும் போய் உட்காரும் முதல் அரசு நிறுவனம் அங்கன்வாடி. சாதியை அது அங்கேயே சந்தித்துவிடுகிறது. அப்போது அதற்கு மூன்று வயது.

கம்பம் பள்ளத்தாக்கின் காலையை நீங்கள் அறிவீர்கள். கூடலூர், கம்பம், தேவாரம், போடி என எங்கும் விடியுமுன்பே ஜீப்புகள் நிற்கும். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும். நிலமில்லாத தலித் பெண்கள் அவர்களில் ஏராளம். அங்கன்வாடி திறக்குமுன்பே தாய் மலையேறிவிடுகிறார். அது மூடிய பிறகுதான் ஜீப் இறங்குகிறது. குழந்தையைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பாட்டி இல்லாத வீட்டில் அக்கா பள்ளிக்கு மட்டம் போட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே இரண்டு பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது.

ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். நம் பெண்களோ தினக்கூலிகள். இன்று ஒரு தோட்டம், நாளை இன்னொன்று. பிள்ளை இருப்பது மாநில எல்லைக்கு இந்தப் பக்கம். அந்தச் சட்டம் இவர்களை எட்டவே இல்லை.

அடுத்து, மையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஊருக்குள் இருந்தால், காலனிப் பிள்ளையை அங்கே அனுப்பத் தாய்மார் தயங்குவதை ஆய்வுக்காகச் சென்ற இடங்களில் பார்த்தேன். காலனியில் இருந்தால், ஊர்க்காரர்கள் சத்துமாவை வாங்கிக்கொள்கிறார்கள்; பிள்ளையை உட்கார வைப்பதில்லை. கையில் கொஞ்சம் காசு புரண்டால் வேனில் ஏற்றி ஆங்கிலவழி எல்கேஜிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சேரன்மாதேவி குருகுலத்தின் தனிப்பந்தியை எதிர்த்துப் பெரியார் போராடி நூறாண்டு ஆகிறது. இன்று தனிப்பந்தி போட ஆள் வேண்டாம், வேனே பிரித்துவிடுகிறது.

அரசின் நிலை என்ன? அரசமைப்பின் 21ஏ பிரிவு ஆறு வயதிலிருந்துதான் கல்வியை உரிமையாக்கியது. அதற்கு முந்தைய வயதுக்கு, 45ஆம் பிரிவின்படி, அரசு ‘முயல’ வேண்டும், அவ்வளவுதான். 2019இல் தமிழ்நாட்டில் 2,381 அரசுப் பள்ளி வளாக அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022இல் நிறுத்தப் பார்த்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் தொடர்ந்தார்கள். அதே நேரத்தில், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிகளின் எல்கேஜி கட்டணத்தை அரசே ஏற்கிறது. காலனி அங்கன்வாடியில் சமைப்பதும் எடை பார்ப்பதும் பதிவேடு எழுதுவதும் பாட்டுச் சொல்லித் தருவதும் இரண்டு பெண்களின் தலையில்.

நம் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் சொன்னது இது: பட்டியல் சாதி, பழங்குடி குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும், ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தர வேண்டும். ஆகவே காலனி காலனியாகக் குழந்தைகளைக் கணக்கெடுப்போம். கிராமசபையில் தீர்மானம் போட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்போம். ஜீப் புறப்படும் நேரத்தில் திறக்கும் காப்பகம், முன்பருவக் கல்விக்கென்று முழுச் சம்பளத்தில் ஓர் ஆசிரியர், இவ்விரண்டையும் சேர்த்துக் கேட்போம்.

காலனிக்குள் வைத்தால் ஊர்ப் பிள்ளைகள் வரமாட்டார்களே என்று அதிகாரிகள் சொல்வார்கள். நல்ல கட்டடமும் நல்ல ஆசிரியரும் காலனியில் இருக்கட்டும், வேண்டியவர்கள் நடந்து வரட்டும். இத்தனை காலம் நம் பிள்ளைகள்தானே ஊருக்குள் நடந்து போனார்கள்.