முதல் டாக்கி ராணி டைரக்டரான கதை

(தூத்துக்குடியில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களும் துறைமுகத் தொழிலாளர்களும் கூடியிருந்த கலை விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் முன்வரிசைப் பையன்கள் கை தட்டினார்கள். அவர்கள் எதிர்பார்க்கிற நட்சத்திரம் வேறு. நாம் சொல்லப்போகிற பெண்மணி 1964-லேயே காலமாகிவிட்டார். பெயர் டி. பி. ராஜலட்சுமி. 1931 அக்டோபர் 31-ந் தேதி வெளிவந்த முதல் தமிழ் டாக்கியான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவர்தான். இது சிலருக்காவது தெரிந்திருக்கும். ஆனால் ஐந்து வருஷம் கழித்து, 1936-ல், ‘மிஸ் கமலா’ என்ற படத்துக்குத் தாமே கதை எழுதி, தாமே படம் பிடிக்க ஏற்பாடு செய்து, தாமே நடித்து, டைரக்‌ஷனும் செய்தாரே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழில் படம் டைரக்ட் செய்த முதல் பெண் அவர். நேற்று சங்க ஆபீசில் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்ட நமக்கே போன வருஷம் வரை தெரியாது.

தஞ்சாவூர்ப் பக்கம் சாலியமங்கலத்தில் 1911-ல் பிறந்தவர். விளையாடுகிற வயதில் கல்யாணம் செய்து வைத்தார்கள். சீர்வரிசைத் தகராறில் அந்தப் பந்தம் முறிந்தது. தகப்பனாரும் போய்விட்டார். தாயும் மகளும் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தார்கள். அந்தச் சாதியில், அந்த நிலைமையில் ஒரு பெண்ணுக்கு என்ன வழி விட்டிருந்தார்கள்? ஒரு மூலை, ஒரு வெள்ளைப் புடவை, வாழ்நாள் முழுக்க அடுப்படி. இந்தப் பெண் நாடக மேடை ஏறினாள். கூத்தாடி என்று ஊர் தூற்றியது. தூற்றிய ஊர் சோறு போடவில்லை.

அவர் மேடையில் நடித்த நாடகங்களுக்கும் நம் ஊருக்கும் சம்பந்தமுண்டு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் நாடகங்களை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். கதை புராணம்தான், ஆனால் சட்டமறுப்புக் காலத்தில் அதே மேடையில் வள்ளியும் முருகனும் கதருக்கும் சுயராஜ்யத்துக்கும் பாடினார்கள். ஜனங்கள் அதைக் கேட்கவே வந்தார்கள். அப்படிப் பாடியதற்காக ராஜலட்சுமி சிறைக்கும் போய் வந்தார்.

‘காளிதாஸ்’ ஒரு வேடிக்கையான படம். கதாநாயகி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்வான். எச். எம். ரெட்டி பம்பாயில் எடுத்த படம் அது. கவி காளிதாசன் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டையைப் பற்றி ஒரு பாட்டு! கதைக்கும் அதற்கும் என்ன பொருத்தம் என்று யாரும் கேட்கவில்லை. மேடையில் போலீஸார் தடுத்த விஷயம் திரையில் வந்தது, ஜனங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

இத்தனை புகழ் வந்த பிறகு, பேசாமல் மாலைகளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் ‘கமலவல்லி’ என்று ஒரு நாவல் எழுதியிருந்தார். காதலித்த பெண்ணை, அவள் மனதைக் கேளாமல், பெற்றோர் இன்னொருவனுக்குக் கட்டிவைக்கிற கதை. தன் கல்யாணம் எப்படி நடந்தது என்று அறிந்த பெண் எழுதியது. அந்த நாவல்தான் ‘மிஸ் கமலா’ ஆயிற்று. ஊரெல்லாம் புராணப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நம் காலத்துப் பெண்ணின் வழக்கைத் திரைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு ‘இந்தியத் தாய்’ என்று படமெடுத்தபோது வெள்ளைக்காரத் தணிக்கை குறுக்கிட்டது. பெயரைத் ‘தமிழ்த் தாய்’ என்று மாற்றவேண்டி வந்தது. அந்தப் படம் கையைக் கடித்தது.

அவரைப் பொதுவுடைமைக்காரர் என்று நாம் உரிமை கொண்டாட வரவில்லை. அவர் காங்கிரஸ் தேசியவாதி, பட முதலாளியும்கூட. நமக்கு முக்கியமான விஷயம் வேறு.

இங்கே உப்பளத்தில் வேலை செய்கிற தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வெயிலில் உப்பு வாருவது நீங்கள். தலையில் சுமப்பது நீங்கள். கணக்குப்பிள்ளை யார்? ஆண்பிள்ளை. உங்களில் ஒருத்தி என்றாவது அந்த நோட்டைக் கையில் வாங்கியிருக்கிறாளா? சினிமாக் கொட்டகையிலும் அதேதான் கதை. பெண்ணின் முகம் வேண்டும், குரல் வேண்டும். ஆனால் எதைச் சொல்வது, எங்கே வெட்டுவது, யாருக்கு என்ன கூலி என்று தீர்மானிக்கிற நாற்காலி மட்டும் அவளுக்கில்லை. ராஜலட்சுமி உட்கார்ந்தது அந்த நாற்காலியில்.

பிறகு வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பி. பானுமதி 1953-ல் ‘சண்டிராணி’யை மூன்று பாஷைகளில் டைரக்ட் செய்தார். சாவித்திரி 1971-ல் எடுத்த ‘பிராப்தம்’ பெருநஷ்டம். பெண்ணுக்கு ஏன் இந்த வேலை என்று பேசினார்கள். ஆண் டைரக்டர்கள் நஷ்டப்படவில்லையா? பத்துப் படம் தோற்றவனுக்கும் பதினோராவது படத்துக்குப் பைனான்ஸ் கிடைக்கிறது. அப்போது யாரும் ஆண்ஜாதிக்கே டைரக்‌ஷன் வராது என்று சொல்வதில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2012-ல் மணப்பாட்டுக் கடற்கரையில் ‘நீர்ப்பறவை’ எடுத்தார்களே, அதில் கடலுக்குப் போன கணவனுக்காகக் காத்திருந்து முதுமையடைந்த எஸ்தராக நடித்தவர் நந்திதா தாஸ். நம்மில் சிலர் வேடிக்கை பார்க்கப் போயிருப்பீர்கள். அவர் டில்லியில் ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழுவில் பயின்றவர். அக்குழுவின் சப்தர் ஹாஷ்மியை 1989 புத்தாண்டு தினத்தில், தொழிலாளர் நடுவே நாடகம் நடத்தும்போது குண்டர்கள் தாக்கினார்கள். மறுநாள் உயிர் போயிற்று. அந்தப் பள்ளியில் படித்த நந்திதா, 2002 குஜராத் கலவரத்துக்கு ஒரு மாதம் கழித்து சாதாரண ஜனங்கள் எப்படி உயிர் வாழ்ந்தார்கள் என்று ‘பிராக்’ படத்தை 2008-ல் டைரக்ட் செய்தார். 2023-ல் திரைக்கு வந்த ‘ஸ்விகாட்டோ’வில், தொழிற்சாலை வேலை போய் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு ஓடுகிற ஒருவனைக் காட்டினார். அவனுக்கு முதலாளி முகமே தெரியாது. கைப்போனில் விழுகிற மார்க்குதான் மேஸ்திரி. இங்கே பின்னால் நிற்கிற சிவப்புச் சட்டை, ஆரஞ்சுச் சட்டைத் தம்பிகளுக்கு அது விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படங்களை இன்று நாம் பார்க்கலாம். ‘மிஸ் கமலா’வைப் பார்க்க முடியாது. படச்சுருளே கிடைக்கவில்லை, ‘காளிதாஸு’க்கும் அதே கதி, பாட்டுப் புத்தகம்தான் மிச்சம். பழைய கொட்டகைகளில் ஓரணா, இரண்டணாவுக்கு விற்ற அந்தப் பாட்டுப் புத்தகங்களைப் பாட்டிமார் டிரங்குப் பெட்டியில் புடவையோடு வைத்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய புத்தகம், நோட்டீஸ் எது இருந்தாலும் கரையானுக்கு விடாமல் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆபீஸ் மாடியில் ‘நீர்ப்பறவை’ போடுகிறோம். டிக்கெட் கிடையாது. குழந்தைகளையும் கூட்டி வாருங்கள். உட்காரப் பாய் மட்டும் வீட்டிலிருந்து எடுத்து வரவேண்டும்.