தேடித் தருவதும் ஒரு மொய்



என் கையில் இருப்பது ஒரு மொய் நோட்டு. திருவாரூர் பக்கத்தில் என் அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் கல்யாணம் நடந்தபோது எழுதியது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே பவ வருஷம் வைகாசி மாதம். ஆங்கிலக் கணக்கில் 1934. நான்கு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறிவிட்டது. உள்ளே பெயர், ஊர், தொகை என்று வரிசையாகப் போகிறது. ஒரு ரூபாய், எட்டணா, ஒரு மரக்கால் நெல். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் மட்டும் ஒரு வரி வேறு மாதிரி இருக்கிறது: 'தம்பி, பினாங்கு, மணியார்டர், ரூபாய் ஐந்து.'

அந்தத் தம்பி என் சின்னத் தாத்தா. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். அந்த ஐந்து ரூபாய்க்குப் பிறகு சில கடிதங்கள் வந்தன, பிறகு அதுவும் நின்றது. "எந்த மண்ணுல படுத்திருக்காரோ" என்று அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவர் பெயரைச் சொல்லும்போது தாத்தாவின் குரல் கொஞ்சம் தயங்கும். இறந்துவிட்டாரா என்பதே உறுதியாகத் தெரியாதவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது சரிதானா என்ற தயக்கம் அது.

நான் லண்டனில் இருக்கிறேன். சின்னத் தாத்தா பினாங்கில் காணாமல் போனவர். இங்கே எத்தனை வருடம் தேடினாலும் எனக்கு என்ன கிடைக்கும்? ஒருநாள் தெரிந்தவர் மூலம் பினாங்கில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு எழுதினேன். அவர் சீனர். சிங்மிங் நாளில் தன் முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்யப் போகிறவர், அப்படியே பக்கத்துக் கல்லறைகளையும் படம் எடுத்து, கேட்பவர்களுக்கு அனுப்புகிறவர். தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பெயர், ஊர், உத்தேசமான வருடம் மூன்றையும் எழுதி, தமிழில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று பெரிய எழுத்தில் வரைந்தும் அனுப்பினேன்.

அவர் போனது பழைய இந்து இடுகாடு ஒன்றுக்கு. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை, பாசி மூடியிருந்தது. அதனால் அந்த வரிசையில் இருந்த தமிழ்க் கற்கள் அத்தனையையும் எடுத்து அனுப்பிவிட்டார். கல்லைச் சுரண்டவில்லை. தண்ணீர் ஊற்றி, சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்வரை காத்திருந்து எடுத்திருக்கிறார். முப்பதுக்கு மேல் படங்கள். 'சில கற்களில் பூ வேலை மாதிரி ஏதோ இருக்கிறது, அது எழுத்தா என்று தெரியவில்லை' என்று ஒரு குறிப்பு. அது பூ வேலை இல்லை. ௵ என்ற வருஷக் குறியும் ௴ என்ற மாதக் குறியும்தான். இருபத்திரண்டாவது படத்தில் ஈஸ்வர ௵ ஆவணி ௴ என்று இருந்தது. 1937. அதன் கீழே எங்கள் ஊரின் பெயர். அதன் கீழே சின்னத் தாத்தாவின் பெயர்.

அன்றைக்கு இரவு நான் தூங்கவில்லை. கல்யாணத்துக்கு மொய் அனுப்பிய மூன்று வருடத்தில் போய்விட்டார். கடிதம் நின்றதற்குக் காரணம் மறதி இல்லை. இது தெரியாமலேயே தாத்தாவும் அப்பாயியும் போய்விட்டார்கள். ஆனாலும் யாரோ ஒருவர் அவருக்குக் கல் நட்டு, ஊர்ப் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார். அவருக்கு அங்கே ஆள் இருந்திருக்கிறது.

அந்த அம்மாவுக்கு நான் என்ன திருப்பிச் செய்வது? பணம் வேண்டாம் என்றார். மீதி இருந்த கற்களை எல்லாம் படித்து, பெயர், ஊர், தேதி என்று ஆங்கிலத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெயர்களைத் தேடிக்கொண்டிருந்த பினாங்குக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அது போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பிறகு அந்த அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர். க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மாலுமிகளின் பதிவுகள் இருக்கின்றன. எனக்கு அது ரயிலில் முக்கால் மணி நேரம். வாசகர் அட்டையைக் காட்டி, பேனாவை வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டுப் பென்சிலோடு உள்ளே போய், எழுதிக் கேட்ட உறையைப் பிரித்தபோது, காகிதங்களுக்கு நடுவே ஒரு சின்னப் புகைப்படம் இருந்தது. இருபத்தைந்து வயதுப் பையன். அந்த அம்மா தன் தாத்தாவைக் கிழவராக மட்டுமே பார்த்தவர்.

உறவுகளே, உங்கள் முன் நான் வைக்க வந்தது இந்த ஒன்றைத்தான். நம் முன்னோரின் தடயம் நம் பக்கத்தில் இல்லை, அது வேறு யாரோ ஒருவரின் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டுப் பக்கத்தில் இருப்பது வேறு யாரோ ஒருவரின் முன்னோர். அவரவர் தன் பக்கத்தில் உள்ளதைப் பார்த்துச் சொன்னால் எல்லோருக்கும் கிடைக்கும்.

இதை மேல்நாட்டுக்காரர்கள் வெகு நாட்களாகச் செய்கிறார்கள். 1999இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு தன்னார்வ முயற்சியில் சேர்ந்தவர்கள், மாதம் ஒரு தடவையாவது தங்கள் ஊரில் பிறருக்காகத் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். நகல் செலவும் தபால் செலவும் தவிர வேறொன்றும் வாங்கக் கூடாது என்பது அங்கே விதியாக இருந்தது. இங்கே பிரித்தானியாவிலும் ஃபிபிஸ் என்ற அமைப்பு 1998இல் தொடங்கியது. இந்தியாவில் வாழ்ந்த பிரித்தானியக் குடும்பங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைத் தொண்டர்கள் உட்கார்ந்து படியெடுக்கிறார்கள். சென்னை மாகாணத்துத் தேவாலயப் பதிவேடுகளின் நகல்கள் வருடாவருடம் லண்டனுக்கு வந்தன. 1698 முதலான அந்த நகல்கள் இன்று பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. தம் முன்னோரைத் தேட அவர்களுக்கு ஆள் இருக்கிறது. கூலிக்குப் போன நம் முன்னோரைத் தேட யார் இருக்கிறார்கள்?

அவர்களுக்கும் ஏடு இருக்கிறது. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன, பலருடைய புகைப்படங்களும் உண்டு. ஃபிஜிக்கு 1903 முதல் சென்னை வழியாகப் போனவர்களின் பயண அனுமதிச் சீட்டுகள் சுவாவில் இருக்கின்றன. கூலிக்குப் போகாதவர்களுக்கும் ஏடு உண்டு: ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் பள்ளித் தோம்பு என்று ஒன்று இருந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் அதில் பதிவாயின.

ஏடு இருந்து என்ன பயன், படிக்க ஆள் வேண்டுமே? எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ்ப் பெயர் காதில் விழுந்த மாதிரிதான் கைக்கு வந்தது. படையாட்சி 'படையாச்சி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலியார் 'மூட்லி' ஆனார். ஊர்ப் பெயர்களின் கதி இன்னும் மோசம். எழுத்தைப் பார்த்தால் விளங்காது. வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதுவும் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் சொல்லிப் பார்க்க வேண்டும்.

லண்டனில் உள்ள நம் சங்கத்தில் டர்பனில் பிறந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பதிவில் ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர் என்பது தெளிவாக இருந்தது. கிராமத்தின் பெயர் நான்கு ஆங்கில எழுத்து, யாருக்கும் புரியவில்லை. வட ஆற்காடு என்ற மாவட்டமே இன்று இல்லை. 1989இல் அது பிரிந்தது, போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டம். அங்கே ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவரிடம் போனில் அந்த நான்கு எழுத்தை வாசித்தேன். இரண்டு தடவை முணுமுணுத்தார். "சார், இது நம்ம ஊருக்கு அடுத்த ஊருதான்" என்றார். மறுநாளே பஸ் பிடித்துப் போய், கோவிலில் உட்கார்ந்து பெரியவர்களிடம் கேட்டார். சொந்தக்காரர் என்று சொல்ல யாரும் கிடைக்கவில்லை. ஏரிக்கரையையும் ஊர்ப் பெயர்ப் பலகையையும் படம் எடுத்து அனுப்பினார். அக்கா வீட்டுக் கூடத்தில் அந்தப் பலகையின் படம்தான் மாட்டியிருக்கிறது. 'எந்த ஊர்' என்று யாராவது கேட்டால் இனி அவரால் பதில் சொல்ல முடியும். டர்பனில் இருக்கும் அவருடைய தம்பி அன்றிலிருந்து கேட்பவர்களுக்கெல்லாம் அங்குள்ள ஆவணக் காப்பகத்தில் தேடித் தருகிறார்.

ஏடு அழிந்துபோகும் என்பதை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவுகளுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் போட்டுவிட்டு ஓடி வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் போய்விடும். ஒரு படம், ஒரு பிரதி, இன்னொரு ஊரில் இன்னொருவர் கையில் இருந்தால் அது பிழைக்கும்.

'எங்களிடம் ஏடு ஏது' என்று கேட்கும் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்கிறேன், வீட்டுப் பரணையும் ஊர்க் கோவிலையும் பாருங்கள். பாட்டன், பூட்டன் பெயர் போட்ட கல்யாணப் பத்திரிகை, ஜாதகக் குறிப்பு, பட்டா, பள்ளிக்கூடத்துச் சான்றிதழ், கோவில் குத்துவிளக்கின் அடியில் 'உபயம்' என்று வெட்டிய பெயர். அதோடு இந்த மாதிரி ஒரு மொய் நோட்டு. யார் உறவு, யார் பக்கத்து ஊர், யார் எந்தத் தேசத்துக்குப் போனார் என்று எல்லாம் அதில் இருக்கிறது.

தேடித் தருவதற்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். கேட்பவர் சின்னதாகக் கேட்க வேண்டும். 'என் வம்சத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்' என்றால் யாரால் முடியும்? ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு வருடம், ஒரு கேள்வி. தேடுகிறவர், எதுவும் கிடைக்காவிட்டாலும், எந்தப் பதிவேட்டில் எந்த வருடங்களைப் பார்த்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் அதே பக்கத்தைப் புரட்டி ஒருநாளைத் தொலைக்காமல் இருப்பார். பெயர் உள்ள வரியை மட்டும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும் ஏட்டின் எண்ணோடு படம் எடுக்க வேண்டும். ஒரே கப்பலில் வந்த பக்கத்து வரிக்காரர் சொந்தத் தம்பியாகவும் இருக்கலாம். உயிரோடு இருப்பவர்களின் விவரத்தை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கப்பல் பட்டியலில் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தைப் பார்த்து ஒருவரை உயர்த்தவோ தாழ்த்தவோ நினைப்பவருக்கு நாம் தேடித் தர வேண்டாம். கப்பலின் கீழ்த்தளத்தில் எல்லாச் சாதியினரும் பக்கத்துப் பக்கத்தில்தான் படுத்து வந்தார்கள். நாம் தேடுவது மனிதரை.

மொய் என்றால் நமக்கு ஒரு வழக்கம் உண்டு, போட்ட வீட்டுக்கே திரும்பப் போய்ச் செய்ய வேண்டும். தேடித் தருவதில் அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது. போளூர்க்காரர் அக்காவுக்குச் செய்தார், அக்காவின் தம்பி டர்பனில் முகம் தெரியாத யார் யாருக்கோ செய்கிறார். மொய் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வாசலில் பெயர் பதியும் மேசையில் ஒரு புது நோட்டு வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் தேடுவது என்ன, நீங்கள் தேடித் தரக்கூடியது என்ன. ஆவணக் காப்பகத்துக்குப் போக முடியாதவர்கள் பழைய தமிழ்க் கையெழுத்தைப் படித்துத் தரலாம். அறுபது வயதைத் தாண்டிய பலருக்கும் அது கைவந்த வேலை. ஊரில் இருக்கும் அண்ணன் தம்பியின் பெயரைக் கொடுக்கலாம். இளைஞர்கள் பட்டியலை ஒழுங்குபடுத்தலாம், தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து செய்யலாம்.

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு நானே தொடங்கி வைத்துவிட்டேன். 'தேடித் தருவது: க்யூ, மாதம் ஒரு சனிக்கிழமை.' தேடுவது என்ற இடத்தில் ஒரே கேள்விதான் எழுதியிருக்கிறேன். 1937இல் பினாங்கில் என் சின்னத் தாத்தாவுக்குக் கல் நட்டவர் யார்? அவருக்கு எங்கள் குடும்பம் இன்னும் ஒரு மொய் திருப்பிச் செய்யவில்லை.