துடுப்பும் சுரபுன்னையும்



மயிலையில் வாழும் நமக்கு அலையாத்திக் காடு அயலன்று; அடையாற்றுக் கழிமுகத்திலேயே சிறிது எஞ்சியுள்ளது. அதன் முழு உருவைக் காணப் பேரப்பிள்ளைகளுடன் பிச்சாவரம் சென்றேன். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்பர். 2004 டிசம்பர் 26 அப்பெயரை மெய்ப்பித்தது. காட்டின் மறைவிலிருந்த சிற்றூர்கள் பேரழிவுக்குத் தப்பின. சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரமும் இங்குண்டு. அதன் பால் கண்ணுக்குத் தீங்கு. தொட்டுப் பார்த்தல் வேண்டா.

முன்னாளில் இக்காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினர். வெயில் பட்ட சேற்றுநிலம் காய்ந்து தாழ்ந்தது; புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்து, மரம் முளைக்காத பள்ளமாயிற்று. 1990-களில் வனத்துறையும், நம் தரமணியிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும், ஊர்மக்களும் கூடி மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதம் வந்து போகவே, காடு மீண்டது.

விசைப்படகு அகன்ற நீர்வழியோடு நின்றுவிடும். துடுப்புப் படகே சுரபுன்னை வேர்கள் வளைந்திறங்கும் குறுங்கால்வாய்க்குள் நுழையும். ஓசையின்மையால் கொக்கும் எழுந்து பறப்பதில்லை. அங்கே எங்கள் பேரன் பிஸ்கட் உறையை நீரில் நழுவவிட்டான். படகோட்டி ஒன்றும் சொல்லாமல் படகைத் திருப்பி அதனை எடுத்து வந்தார். நீரை வடிகட்டிப் பருகும் குடும்பம் நாங்கள்! எனக்கு நா எழவில்லை.

தை மாதத்தில் நம் அறக்கட்டளையினர் பிச்சாவரம் செல்லவிருப்பதாக அறிகிறேன். செலவு கூடினும், நேரம் நீளினும், துடுப்புப் படகுகளையே அமர்த்துமாறு வேண்டுகிறேன். சிற்றுண்டியைக் கரையிலேயே முடித்துக்கொள்வோம்.