எறும்பு வீட்டில் அழையாத விருந்தாளி



தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கேட்டில் அடையாள அட்டை காட்டாமல் உள்ளே போக முடியுமா? எறும்புக்கும் அட்டை உண்டு. அதன் உடம்பு வாசனைதான் அந்த அட்டை.

ஈஜிபுராவில் மாமரம் உள்ள வீட்டில் கேட்டுப் பாருங்கள். முசுறு எறும்பிடம் கடி வாங்கிய கதை சொல்வார்கள். இது சிவப்பு எறும்பு. இலைகளை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தன் புழுக்களை வாயில் கவ்வி வரும். அவை விடும் நூலால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டும். அதுவும் தையல் வேலைதான்! கன்னடக்காரர்கள் இதைச் சிகளி என்பார்கள். சிக்கமகளூர் பக்கம் இதில் சட்னியே அரைக்கிறார்கள்.

வாசனை மாறிய எறும்பு வந்தால் முசுறு விடாது. கடித்துக் குதறிவிடும்.

இவ்வளவு காவல் உள்ள வீட்டிலும் ஒரு திருடன் வாழ்கிறான். அது ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு. பெயர் லைஃபைரா. நம் நாட்டில் உண்டு. ஆனால் கண்ணில் படுவது அரிது. அதன் முதுகுத் தோல் ஆமை ஓடு போலக் கெட்டி. எறும்பு கடித்தால் பல் இறங்காது. அந்த ஓட்டின் அடியில் இருந்தபடியே எறும்பின் புழுக்களைத் தின்னும். அவை வேலைக்கார எறும்புகளின் தம்பி தங்கைகள். பாவம், என்ன செய்யும்?

பூச்சியாக மாறியதும் ஓடு போய்விடும். இனி மாட்டிக்கொள்ளும் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அதன் உடம்பிலிருந்து வெள்ளைச் செதில்கள் உதிரும். கடிக்க வரும் எறும்பின் வாயிலும் காலிலும் ஒட்டும். எறும்பு அதைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போதே பூச்சி வெளியேறிவிடும்.

இது பூச்சி செய்யும் திருட்டு. எறும்பை எறும்பே ஏமாற்றுவதும் உண்டு. காக்கைக் கூட்டில் குயில் முட்டையிடுவது போலத்தான்.

1949-இல் ஹைன்ரிச் குட்டர் என்ற ஆராய்ச்சியாளர் சுவிட்சர்லாந்தின் மலைப் பகுதியில் இப்படி ஓர் எறும்பைக் கண்டார். அது இன்னோர் எறும்பின் புற்றில் இருந்தது. நீளம் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். அந்த இனத்தில் ராணியும் ஆணும் மட்டுமே உண்டு. வேலை செய்ய ஆள் கிடையாது. எதற்கு வேண்டும்? வீட்டுக்கார ராணியின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடும். வீட்டு எறும்புகள் அதை அந்நியர் என்று எண்ணுவதில்லை. நக்கிச் சுத்தம் செய்யும். அது இடும் முட்டைகளையும் வளர்க்கும். ஒரே ராணியின் மேல் எட்டு வரை ஏறியிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டுக்கார ராணியை அது கொல்வதில்லை. அவளும் முட்டையிட்டுக்கொண்டே இருப்பாள். அந்த முட்டைகளிலிருந்து வேலைக்கார எறும்புகள் மட்டுமே வரும். அவள் வம்சத்தில் புது ராணி வருவதில்லை.