மலிவு எது?

(குறுவள மையக் கூட்டத்தில் கொல்லிமலைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று நான்கு திறன்களைச் சொல்கிறோம். முதலில் வரும் கேட்டலுக்கு நம் வகுப்பில் இருக்கும் கருவி பெரும்பாலும் நம் கைப்பேசிதான். மலையில் மழை பிடித்துக்கொண்டால் கூரைமேல் விழும் சத்தத்தில் கைப்பேசியில் ஓடும் கதை இரண்டாவது வரிசையைத் தாண்டாது. இது தெரிந்தும், கடைசி வரிசையில் பதில் சொல்லாத நான்கு பிள்ளைகளுக்குக் 'கேட்டல் திறன் குறைவு' என்று எழுதியவன் நான். அந்தக் குறிப்பு உறுத்தியதால்தான் ஒலிபெருக்கி தேடிப் புறப்பட்டேன்.

புதிது வாங்க வசதியில்லை. கைப்பணத்தில் பழையது வாங்கலாம் என்று சேலம் போனேன். ஒரு கடையில் சக்கரம் வைத்த ஸ்பீக்கர், '5000 வாட்ஸ்' என்று ஒட்டியிருந்தது, 1,800 ரூபாய். கடைக்குள் நன்றாகப் பாடியது. மூன்றாம் வாரம் நின்றுவிட்டது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. போர்டில் இருந்த ஐ.சி. எங்கும் கிடைக்கவில்லை. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். பழுது பார்க்க அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை இறங்கி ஏறினேன். பேருந்துக் கட்டணமும் விடுப்பும் சேர்த்தால் அது மலிவே இல்லை.

அடுத்த முறை கடைக்குப் போகாமல், கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டும் ஓர் அண்ணனிடம் போனேன். "சார், மலைக்குக் கொண்டுபோற பொருள்னா விலையைப் பார்க்காதீங்க. கெட்டுப்போனா யாரு கழட்டுவாங்கன்னு பாருங்க" என்றார். அவர் சொல்லிக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், முன்பக்க ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட்ஸ் மின்சாரம் எடுக்கும் என்று இருக்கும். 60 வாட்ஸ் எடுக்கும் பெட்டி 5000 வாட்ஸ் கொடுக்காது. ஒரு வகுப்பறைக்கு 20, 30 ஆர்.எம்.எஸ். வாட்ஸ் தாராளம்.

இரண்டாவது, ஸ்பீக்கர். காகிதக் கூம்பை இரண்டு கை விரல்களாலும் ஒரே சீராக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே காயில் உரசுகிறது, வேண்டாம். ஓரத்தில் ஸ்பான்ஞ் வளையம் இருந்தால் நாளாக நாளாக உதிரும். துணி அல்லது ரப்பர் ஓரம் உழைக்கும். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். முள் அசையவே இல்லை என்றால் காயில் அறுந்திருக்கிறது.

மூன்றாவது, ஆம்ப்ளிஃபையர். வால்யூம் திருகும்போது கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தூசிதான், துடைத்தால் சரியாகும். 'ம்ம்' என்ற இரைச்சல் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது; மாற்றச் செலவு குறைவு. இந்த இரண்டையும் சொல்லித்தான் விலையைக் குறைக்க வேண்டும். கருகிய வாடை வந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கலாம். அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கை வைக்கும் பொருள் என்பதால் மூன்று பின் பிளக்கும் எர்த்தும் கட்டாயம்.

அவரிடமே பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். மின்சாரம் போகும் நாளில் அதுதான் கை கொடுக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி, நன்கொடை என்று இருப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டோம்.

முதல் நாள் ஊர்ப் பாட்டி ஒருவரிடம் பதிவு செய்த கதையைப் போட்டேன். சாமை அறுப்பைப் பற்றிய கதை. கேள்வி கேட்டதும் அந்த நால்வரில் மூன்று பேர் கையைத் தூக்கினார்கள். பாட்டி சொன்ன சொல் ஒன்றுக்கு எனக்கே பொருள் தெரியவில்லை. அதில் ஒருவன் விளக்கினான். திறன் குறைவு என்று நான் எழுதியது அவனைத்தான்.

நான்காவது பெண் அப்போதும் பேசாமல் இருந்தாள். இப்போது சத்தத்தைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் காட்டினோம்; காதில் சீழ். சிகிச்சை நடக்கிறது, முன்வரிசையில் உட்கார்கிறாள். சத்தம் சரியாக இல்லாதவரை அவளுடைய குறையும் மற்ற மூவரோடு சேர்ந்து மறைந்தே இருந்தது.

அந்த நான்கு குறிப்புகளையும் அடித்துத் திருத்திவிட்டேன். நீங்களும் ஒருமுறை கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்கள் கைப்பேசியைக் கேட்டுப் பாருங்கள். பிறகு வாங்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன். மல்டிமீட்டர் என்னிடம் இருக்கிறது.