"ஆற்றைச் சுத்தமாக்கு" என்றால் போதாது: எங்கே, எவ்வளவு, எப்போது என்று கேட்போம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவினர், இளைஞர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



கெசல்கமுவ ஓயாவைப் பற்றி நாம் பேசுவது இது முதல் தடவை அல்ல. மகஜர் கொடுத்திருக்கிறோம், கையெழுத்துச் சேர்த்திருக்கிறோம். எல்லாவற்றிலும் நாம் எழுதியது ஒரே வரிதான்: "ஆற்றைச் சுத்தப்படுத்தித் தாருங்கள்." யாரும் அதை மறுக்கவில்லை. "ஆகட்டும், பார்க்கிறோம்" என்றார்கள். மறுக்க முடியாத கோரிக்கை, நிறைவேற்றத் தேவையில்லாத கோரிக்கையாகவும் ஆகிவிடுகிறது. அந்த வரியை மாற்றி எழுதத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். "சம்பளத்தைக் கூட்டு" என்று கேட்டபோது வருடங்கள் கழிந்தன. "ஆயிரம் ரூபாய்" என்று ஓர் எண்ணைச் சொன்ன பிறகுதான் நாடே திரும்பிப் பார்த்தது. 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. அதோடு முடிந்ததா? எத்தனை கிலோ பறித்தால் ஆயிரம் என்ற சண்டை தோட்டம் தோட்டமாக வந்தது. இதில் பாடம் இரண்டு. எண் இல்லாத கோரிக்கைக்குப் பதில் கிடைக்காது. எண் கிடைத்தாலும், தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அந்த எண் நமக்குப் பயன்படாது. கொழுந்து மடுவத்தில் தினமும் நிற்கிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது ஆற்றுக்கு வருவோம். பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளில் இருந்து இறங்கி, நோர்வூட் வழியாக காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது கெசல்கமுவ ஓயா. கீழே போய் மஸ்கெலியா ஓயாவோடு கலந்து களனி கங்கை ஆகிறது. கொழும்பு குடிக்கிற தண்ணீரின் பெரும்பகுதியை அம்பத்தளையில் களனியில் இருந்துதான் எடுக்கிறார்கள். ஆகவே இது லயத்து ஆட்களின் பிரச்சினை மட்டும் அல்ல.

ஆற்றோரத்தில் மாணிக்கக்கல் தோண்டுகிறார்கள். கல் கிடைக்கும் சரளை மண், "இல்லம்", மேல்மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேல்மண்ணை அள்ளிக் கரையில் குவிக்கிறார்கள். சரளையைத் தண்ணீரில் அலசுகிறார்கள். அலசிய சேற்றுத் தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது. கல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒருநாள் ஆட்கள் போய்விடுவார்கள். குழி போகாது. குவித்த மண் ஒவ்வொரு மழைக்கும் கரைகிறது. தோண்டிய கரை இடிந்து விழுகிறது. குழியில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகுகிறது. விளையாடப் போகிற பிள்ளைக்கு அது மரணக் கிணறு.

சேறு வெறும் அழுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். கிருமிகள் சேற்றுத் துகளில் ஒட்டி ஒளிந்துகொள்கின்றன. கலங்கிய தண்ணீரில் குளோரின் போட்டாலும் அது முழுதாக வேலை செய்யாது. மீன் முட்டைகளைச் சேறு மூடிவிடும். மிச்சம் நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்து, அது கொள்ளும் தண்ணீரின் அளவைக் குறைக்கும்.

சரி, என்ன கேட்பது? இதற்குச் சட்டமே ஒரு ஏணி வைத்திருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2019 நவம்பரில் வந்த ஒழுங்குவிதிகள், ஆறு குளங்களின் தண்ணீரை அதன் பயன்பாட்டைப் பார்த்து ஆறு வகுப்பாகப் பிரிக்கின்றன. எளிய சுத்திகரிப்போடு குடிக்கக்கூடியது முதல் வகுப்பு. குளிக்கக்கூடியது இரண்டாவது. மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு ஏற்றது மூன்றாவது. வழக்கமான முழுச் சுத்திகரிப்புக்குப் பிறகு குடிக்கக்கூடியது நான்காவது. பயிருக்குப் பாய்ச்சுவது ஐந்தாவது. மற்றத் தேவைகளுக்கான ஆகக் குறைந்த தரம் ஆறாவது.

இதில்தான் தோழர்களே, உண்மையான சண்டை இருக்கிறது. "ஆறு தரத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கிறது" என்று ஓர் அறிக்கை வரலாம். எந்த வகுப்பின் தரம் என்று நாம் கேட்க வேண்டும். பயிர்த் தண்ணீர் என்ற கணக்கில் தேறுகிற ஆறு, பிள்ளை குளிக்கிற ஆறாகத் தேறாது. எந்தத் துறையில் யார் குளிக்கிறார்கள், எந்த ஓடையில் இருந்து பீலிக்குக் குழாய் போகிறது என்பது அலுவலகத்துக் கோப்பில் இல்லை. அது நமக்குத்தான் தெரியும். அதனால் வகுப்பைத் தெரிவு செய்யும் இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

கைவிட்ட சுரங்கத்துக்கு இலக்கு வைக்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். நமது பாட்டன் பூட்டனை இந்த மலைக்குக் கொண்டுவந்த வெள்ளைக்காரனின் நாட்டைப் பாருங்கள். இங்கிலாந்தில் எப்போதோ மூடிய உலோகச் சுரங்கங்களில் இருந்து ஈயம், நாகம், கட்மியம் இன்றும் ஆறுகளில் கசிகின்றன. அப்படிக் கெட்ட ஆறுகளின் நீளம் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். 2038 முடிவதற்குள் அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று சட்டப்படி இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கே உலோகம், இங்கே முதல் பிரச்சினை சேறு. ஆனால் முறை ஒன்றுதான்: இன்றைய நிலை எவ்வளவு, குறைக்க வேண்டியது எவ்வளவு, எந்தத் திகதிக்குள்.

நாம் முன்வைக்கும் இலக்குகள் நான்கு.

ஒன்று, பீலிக்கும் குழாய்க்கும் தண்ணீர் எடுக்கும் ஓடைகள் முதல் வகுப்பில் இருக்க வேண்டும். அவற்றுக்கு மேலே ஒரு குழியும் கூடாது.

இரண்டு, குளிக்கும் துறைகள் இரண்டாம் வகுப்புக்கு வர வேண்டும். இதற்குக் குழியை மூடினால் மட்டும் போதாது. லயத்து மலசலகூடக் கழிவும் ஆற்றுக்குப் போகாமல் தடுக்க வேண்டும். அந்தக் கோரிக்கையையும் இதோடு சேர்த்தே வைக்கிறோம்.

மூன்று, குழிகளுக்கு மேலே உள்ள தண்ணீரையும் கீழே உள்ள தண்ணீரையும் ஒரே நாளில் அளந்தால், கலங்கலில் வித்தியாசம் இருக்கக்கூடாது. மழைக்கு எந்த ஆறும் கொஞ்சம் கலங்கும். "மழைதான் காரணம்" என்ற பதிலுக்கு இடம் வைக்காமல் இருக்கத்தான் மேலையும் கீழையும் ஒப்பிடச் சொல்கிறோம்.

நான்கு, கைவிட்ட குழிகள் எல்லாவற்றையும் எண்ணி, வரைபடத்தில் குறித்து, அடுத்த தென்மேல் பருவமழைக்கு முன்னர் மூடி, மேலே புல் பிடிக்கச் செய்ய வேண்டும். மூடும் வரைக்கும் வேலி வேண்டும்.

யார் செய்வது? "தோண்டியவன் யாரென்று தெரியாது" என்பார்கள். அனுமதிப்பத்திரத்தோடு தோண்டிய குழி என்றால், குழியை மூடுவதற்கென்று தேசிய இரத்தினக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை வைப்புப் பணம் வாங்கியிருக்கும். அந்தப் பணத்தில் மூடட்டும். அனுமதி இல்லாத குழி என்றால், குழிக்குச் சொந்தக்காரன் இல்லாமல் இருக்கலாம், நிலத்துக்கு இருக்கிறான். தோட்டக் காணி அரசாங்கத்துடையது. 1992 முதல் அதை நடத்துவது கம்பெனிகள். ஒரு தேயிலைச் செடியைப் பிடுங்கினால் கணக்குக் கேட்கிறவர்கள், ஆற்றோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் குழி விழுந்ததற்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். அந்தக் குழிகளில் இறங்குகிறவர்களில் நமது பிள்ளைகளும் இருக்கிறார்கள். பேர்ச்சம்பளத்தில் வீடு நடக்காததால் இறங்குகிறார்கள். பொலிஸ் வந்தால் பிடிபடுவது அவர்கள். மண் சரிந்தால் புதைவதும் அவர்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பது நமது வேலை அல்ல. குழி மூடும் வேலை, கரைக்குக் கல் அடுக்கும் வேலை, மரம் நடும் வேலை எல்லாவற்றையும் நாட்சம்பளத்தோடு முதலில் அந்த இளைஞர்களுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

கடைசியாக, தராசு. அதிகாரிகள் அளக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நிறமில்லாத ஒரே அளவு போத்தல்கள் இரண்டு எடுங்கள். குழிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று நிரப்புங்கள். ஆழமான இடத்தில் பிள்ளைகளை இறக்க வேண்டாம், பெரியவர்கள் எடுங்கள். போத்தலுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்த சேற்றை அடிமட்டத்தால் அளந்து, திகதி, இடம், மழை பெய்ததா என்பதோடு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே இடம், அதே நேரம். பாடசாலைப் பிள்ளைகள் இந்தக் கொப்பியை அழகாக வைப்பார்கள்.

ஆனால் கிருமி கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. குடிதண்ணீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒரு ஈ.கோலை கிருமிகூட இருக்கக்கூடாது. அதை ஆய்வுகூடத்தில்தான் பார்க்கலாம். பொதுச் சுகாதார பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் தோட்டத்து அறிவித்தல் பலகையில் போடச் சொல்லுங்கள். அதுவரை தண்ணீரைத் தெளியவிட்டு, வடித்து, கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனும் மூன்று விடயங்களோடு வாருங்கள்: குழிகளின் எண்ணிக்கை, தண்ணீர் எடுக்கும் இடங்களும் குளிக்கும் இடங்களும் குறித்த கைப்படம், முதல் மாதக் கொப்பி. அவற்றை ஒன்றாகச் சேர்த்து மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதேச செயலாளருக்கும் கொண்டுபோவோம். இந்தத் தடவை "சுத்தப்படுத்தித் தாருங்கள்" என்று எழுத மாட்டோம். இடம், வகுப்பு, அளவு, திகதி நான்கையும் எழுதி, பதிலையும் எழுத்தில் கேட்போம்.